உயிரோடு இருக்கிறதா, செத்துப்போனதா? நீர் மாதிரியில் பாக்டீரியா டிஎன்ஏ சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ரிப்போர்ட் கைக்குப் போன மறுநாளே போன் வரும். "டிஎன்ஏ சோதனையில் பாக்டீரியா இருக்கிறது என்கிறீர்கள், தட்டில் வளர்த்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். எதை நம்புவது?" என்று கேட்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் பதில். ஆனால் ஒரு நிமிடப் பேச்சில் அதை விளக்க முடிவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எல்லாம் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

தண்ணீரில் குளோரின் போட்டாயிற்று. அப்புறமும் பிசிஆர் பாசிட்டிவ் வருகிறதே, ஏன்?

பிசிஆர் என்பதுதான் நாங்கள் செய்யும் டிஎன்ஏ சோதனை. அது பாக்டீரியாவைத் தேடுவதில்லை. அதன் டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஒரு துண்டைத்தான் தேடுகிறது. அந்தத் துண்டு அகப்பட்டால் போதும். ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, பெருக்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றும் சரியாக இரட்டித்தால், 30 சுற்று முடிவதற்குள் ஒரே ஒரு துண்டு நூறு கோடியைத் தாண்டிவிடும். அது துடிப்பான ஒரு செல்லிலிருந்து வந்ததா, நேற்று குளோரினில் செத்த செல்லின் சக்கையிலிருந்து வந்ததா என்பது இயந்திரத்துக்குத் தெரியாது.

செல் சாவது வேறு, அதன் டிஎன்ஏ அழிவது வேறு. வீட்டில் ஆள் இல்லாமல் போன பிறகும் வாசலில் பெயர்ப்பலகை தொங்கிக்கொண்டிருக்கும் அல்லவா, அதுபோல. சாதாரண பிசிஆர் படிப்பது அந்தப் பலகையை மட்டும்தான்.

செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏ தண்ணீரில் எவ்வளவு நாள் தங்கும்?

இதற்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. வெதுவெதுப்பான, நுண்ணுயிர்கள் மொய்க்கிற நீரில் அவற்றின் நொதிகளே டிஎன்ஏவை வேகமாகத் தின்றுவிடும். குளிர்ந்த, இருட்டான, சுத்தமான நீரில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் கிடக்கும். களிமண் துகளிலோ வண்டலிலோ ஒட்டிக்கொண்டால் இன்னும் நெடுநாள் தாங்கும். குழாயின் உட்சுவரில் படியும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் படலமும் அப்படித்தான். செத்த செல்களை அது சேமித்து வைத்து, பிய்ந்து வரும்போதெல்லாம் நீருக்குள் விடும். சுத்திகரிப்பு சரியாக நடக்கிற இடத்திலும் பிசிஆர் பாசிட்டிவ் விட்டு விட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் பழைய வளர்ப்பு முறையே போதுமே? தட்டில் வளர்ந்தால் உயிருள்ளது, வளராவிட்டால் செத்தது. அவ்வளவுதானே?

வளர்ந்தால் உயிருள்ளது என்பது சரி. வளராவிட்டால் செத்தது என்பதுதான் தவறு.

ராபர்ட் கோக் 1880களின் தொடக்கத்தில் திட ஊடகத்தில் (பாக்டீரியாவுக்கு உணவாகும் கெட்டியான கூழில்) அவற்றை வளர்த்துக் காட்டியதிலிருந்து இன்றுவரை நீர்ப் பரிசோதனையின் முதுகெலும்பு இந்த முறைதான். எனக்கும் அதன் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது நேரம். மலக்கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு ஒரு நாள் ஆகும். லெஜியோனெல்லாவுக்கு 10 நாள் வரை காத்திருக்க வேண்டும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டல் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய மர்மக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமி இதுதான் என்று அடுத்த ஆண்டுதான் கண்டுபிடித்தார்கள். சாதாரண ஊடகங்களில் அது வளராததும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. 1982இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லும் அவரோடு பணியாற்றியவர்களும் ஒன்றைக் காட்டினார்கள்: காலரா கிருமியும் ஈ.கோலையும் கடல் நீரில் விடப்பட்டால், உயிரோடு இருந்தபடியே தட்டில் வளர மறுக்கும் ஒரு நிலைக்குப் போய்விடும். "உயிருண்டு, வளர்ப்பு இல்லை" என்கிற இந்த நிலையைக் குளிர், பட்டினி, உப்பு, குறைந்த அளவு குளோரின் எல்லாமே தூண்டக்கூடும். லெஜியோனெல்லா இப்படி ஒடுங்கிய பிறகு, அகாந்தமீபா என்ற அமீபாவுக்குள் நுழைந்ததும் மறுபடி எழுந்து பெருகுவதை 1990களில் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். தட்டை மட்டும் நம்பியிருந்தால் "இல்லை" என்றுதான் எழுதியிருப்போம்.

ஆக, வளர்ப்பு முறை உயிருள்ளதில் சிலவற்றைத் தவறவிடும். பிசிஆர் செத்ததையும் சேர்த்து எண்ணிவிடும். உண்மையான எண்ணிக்கை நடுவில் எங்கோ இருக்கும்.

"உயிரோடு இருக்கிறது" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஆய்வகத்தில் எந்தச் சோதனையும் நேரடியாக உயிரைப் பார்ப்பதில்லை, உயிரின் ஏதோ ஒரு அடையாளத்தைத்தான் பார்க்கிறது. வளர்ப்பு முறை "இது பெருகுமா?" என்று பார்க்கிறது. ஆர்என்ஏ சோதனை "இது இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறதா?" என்று பார்க்கிறது. அடுத்து நான் சொல்லப்போகும் பிஎம்ஏ சோதனை "இதன் சவ்வு கிழியாமல் இருக்கிறதா?" என்று மட்டும் பார்க்கிறது.

சவ்வு முழுசாக இருந்தும் செல் செத்திருக்கலாம். எனவே ரிப்போர்ட்டில் "உயிருள்ளவை" என்று பார்த்தால், எந்த முறையில் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். எழுதாத ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட்.

பிஎம்ஏ என்பது என்ன? அது எப்படி உயிருள்ளதையும் செத்ததையும் பிரிக்கிறது?

பிஎம்ஏ என்பது புரோபிடியம் மோனோஅசைடு என்னும் சாயம். டிஎன்ஏவின் படிகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் குணம் அதற்கு உண்டு. இரண்டு நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால் முழுசாக இருக்கும் சவ்வைத் தாண்டி உள்ளே போக அதனால் முடியாது. சவ்வு கிழிந்த செல்லுக்குள் எளிதாகப் போய்விடும். நீரில் வெறுமனே மிதக்கும் டிஎன்ஏ மீதும் ஒட்டும்.

இதுவரை நடந்தது வெறும் ஒட்டல்தான், கழுவினால் போய்விடும். அடுத்து மாதிரியின் மேல் பிரகாசமான நீல ஒளியை விழ வைக்கிறோம். ஏறக்குறைய 465 நானோமீட்டர் அலைநீளம். சாயத்தின் வாலில் இருக்கும் அசைடு குழு அந்த ஒளியில் உடைந்து, நைட்ரஜன் வாயுவை வெளியேற்றி, கடும் வினைத்திறன் கொண்ட ஒரு முனையாக மாறுகிறது. அந்த முனை பக்கத்தில் இருக்கும் டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும். இப்போது அது நிரந்தரப் பிணைப்பு. பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி அந்த இடத்துக்கு வந்ததும் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

டிஎன்ஏ கிடைக்காமல் தனியாகத் திரியும் சாயம் என்ன ஆகும் என்று சிலர் கேட்பதுண்டு. அதே ஒளியில் அது தண்ணீரோடு வினைபுரிந்து செயலிழந்துவிடும். இது இந்த முறையின் அழகான பகுதி. ஒளி காட்டி முடித்த பிறகு செல்களை உடைத்து டிஎன்ஏ எடுக்கும்போது, உயிருள்ள செல்லின் டிஎன்ஏ வெளியே வரும். அதைக் கெடுக்கச் சாயம் எதுவும் மிச்சம் இருக்காது. சாயம், ஒளி, அப்புறம்தான் செல்லை உடைப்பது என்ற வரிசை மாறினால் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

ஈஎம்ஏ என்று ஒன்றும் சொல்கிறார்களே?

அதுதான் பிஎம்ஏவின் முன்னோடி, எத்திடியம் மோனோஅசைடு என்னும் சாயம். ஈஎம்ஏ சாயத்தைப் பிசிஆரோடு சேர்த்து உயிருள்ள பாக்டீரியாவைப் பிரிக்கும் முறையை 2003இல் நார்வே ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு ஒரே ஒரு நேர்மின்னூட்டம்தான். சில இனங்களில் உயிருள்ள செல்லுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது, அதனால் உயிருள்ளவற்றின் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்படுகிறது. அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் 2006இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் நாக்கர் குழுவினர் பிஎம்ஏவைக் கொண்டுவந்தார்கள். இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பிஎம்ஏவைத்தான் சொல்வேன்.

சோதனை மேசையில் இது எப்படி நடக்கிறது?

முதலில் நீரை நுண்துளை வடிகட்டித் தாளில் ஊற்றி உறிஞ்சுகிறோம். பாக்டீரியா தாளின் மேல் தங்கிவிடும். அந்தத் தாளைக் கொஞ்சம் தாங்கல் கரைசலில் குலுக்கி, செல்களை அரை மில்லி லிட்டர் அளவுக்குள் கொண்டுவருகிறோம். அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்குச் சாயம், இன்னொரு பாதிக்கு இல்லை.

சாயம் பெரும்பாலும் 50 மைக்ரோமோலார் அளவில் சேர்க்கப்படும். குழாயை இருட்டில் 5 முதல் 10 நிமிடம் வைக்கிறோம். சாயம் உள்ளே போக அவகாசம் வேண்டும். பிறகு ஒளிப்பெட்டியில் சுமார் 15 நிமிடம். முன்பெல்லாம் ஹாலஜன் விளக்கு வைத்துத்தான் செய்தார்கள். அதன் சூட்டில் உயிருள்ள செல்லும் செத்துவிடக் கூடாதே என்று குழாய்களைப் பனிக்கட்டி மேல் படுக்க வைப்பார்கள். எல்இடி வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பிறகு இரண்டு பாதியிலும் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, ஒரே ஓட்டத்தில் பிசிஆர் செய்கிறோம்.

எளிதாகத்தான் தெரியும். ஆனால் நான் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு வாரம் முழுக்கச் செத்த செல்கள் "உயிரோடு" வந்துகொண்டே இருந்தன. சாயத்தை மாற்றினேன், அளவைக் கூட்டினேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் பார்த்தால், குழாய்களை நான் தாங்கியில் நிற்க வைத்திருந்தேன். தாங்கியின் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியை மறைத்துக்கொண்டிருந்தது. திரவம் இருந்ததே அந்தக் கீழ்ப்பகுதியில்தான். ஒளி படவே இல்லை. அன்றிலிருந்து நிறமற்ற குழாய், படுக்கை வாக்கு, நடுவில் ஒரு முறை புரட்டி விடுவது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ரிப்போர்ட்டில் இரண்டு சிடி எண்கள் இருக்கின்றன. எப்படிப் படிப்பது?

சிடி என்பது எத்தனையாவது சுற்றில் சிக்னல் தெரிய ஆரம்பித்தது என்பது. டிஎன்ஏ அதிகமாக இருந்தால் சீக்கிரம் தெரியும், எண் சிறியதாக இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பதால், சிடி ஒன்று கூடினால் டிஎன்ஏ பாதியாகிறது. சிடி 3.3 கூடினால் பத்தில் ஒரு பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாயம் போடாத பாதியில் சிடி 24, சாயம் போட்ட பாதியில் 30.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 6.6, அதாவது இரண்டு முறை 3.3. ஆக நூறில் ஒரு பங்குதான் மிச்சம். மொத்த டிஎன்ஏவில் ஏறக்குறைய 1 சதவீதம்தான் சவ்வு முழுசாக உள்ள செல்களிலிருந்து வந்தது. குளோரின் நன்றாக வேலை செய்திருக்கிறது. இன்னொரு மாதிரியில் 28, 28.3 என்று வந்தால் வித்தியாசம் 0.3தான், ஐந்தில் நான்கு பங்கு இன்னும் முழுசாகவே இருக்கிறது. அங்கே நான் உடனே போனை எடுத்துவிடுவேன்.

ஆனால் விகிதத்தோடு நின்றுவிடாதீர்கள். பத்து லட்சத்தில் 1 சதவீதம் என்றாலும் பத்தாயிரம் செல்கள். விகிதம் சுத்திகரிப்பு எப்படி நடந்தது என்பதைச் சொல்லும். ஆபத்து எவ்வளவு என்பதை எண்ணிக்கைதான் சொல்லும். அதேபோல 36, 38 மாதிரியான கடைசிச் சுற்று எண்களை வைத்துச் சதவீதம் போடுவது வீண் வேலை. அங்கே ஒரே மாதிரியை மூன்று முறை ஓட்டினாலே மூன்று விதமாக வரும்.

எங்கள் நீர் புற ஊதா விளக்கின் வழியாகத்தான் போகிறது. அதற்கும் பிஎம்ஏ சோதனை செய்யலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பலர் கேட்பதில்லை, தவறான முடிவோடு போய்விடுகிறார்கள்.

254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பாக்டீரியாவின் சவ்வைக் கிழிப்பதில்லை. நேராக டிஎன்ஏவைத் தாக்கி, பக்கத்துப் பக்கத்துத் தைமின்களை (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று தைமின்) ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. செல் இனிப் பெருக முடியாது. ஆனால் சவ்வு அப்படியே இருக்கும், மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கிலும். பிஎம்ஏ வந்து பார்க்கும், கதவு மூடியிருக்கும், திரும்பிப் போய்விடும். முடிவு: "எல்லாம் உயிரோடு இருக்கிறது." விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருக்க, விளக்கையே மாற்றும்படி சொல்லிவிடுவோம்.

புற ஊதாவுக்கு வேறு வழி தேட வேண்டும். வளர்க்கக்கூடிய பாக்டீரியா என்றால் வளர்ப்பு முறையே சிறந்தது. டிஎன்ஏவழியாகத்தான் பார்க்க வேண்டும் என்றால், நீளமான துண்டைப் பெருக்கும் பிசிஆர் உதவும். ஒட்டிப்போன தைமின்களில் நகலெடுக்கும் நொதி நின்றுவிடும். துண்டு நீளமாக இருக்க இருக்க, அதற்குள் ஒரு சேதமாவது இருப்பதற்கான வாய்ப்பு கூடும். ஆனாலும் பல பாக்டீரியாக்களுக்கு இந்தச் சேதத்தைத் தாங்களே சரிசெய்துகொள்ளும் நொதிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் பட்டாலே சிலவற்றில் பழுதுபார்ப்பு தொடங்கிவிடும். எனவே மாதிரியை இருட்டில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

மற்ற சுத்திகரிப்பு முறைகளுக்கு?

எப்போதும் முதலில் கேட்க வேண்டியது "பாக்டீரியாவைக் கொன்றது எது?" என்பதுதான். கொல்லும் விதம் சவ்வைக் கிழித்தால் பிஎம்ஏ பொருந்தும், இல்லாவிட்டால் பொருந்தாது.

நல்ல சூட்டில், அதாவது 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், சவ்வு கிழிந்துவிடும். பிஎம்ஏ தெளிவாகப் பிரிக்கும். 55, 60 டிகிரிகளில் செத்த செல்களில் சில நேரம் சவ்வு தாக்குப்பிடிக்கும். போதிய குளோரினும் போதிய நேரமும் கிடைத்தால் சவ்வு போய்விடும். குளோரின் குறைவாக இருந்தால் செல் பெருகும் திறனை முதலில் இழக்கும், சவ்வு பிறகுதான் கிழியும். அந்த இடைவெளியில் எடுத்த மாதிரியில் பிஎம்ஏ உயிருள்ளவற்றைக் கூட்டிக் காட்டும். ஓசோன் சவ்வோடு டிஎன்ஏவையும் சிதைப்பதால் சாதாரண பிசிஆர் எண்ணும் இறங்கும்.

கூட்டிக் காட்டுவது, குறைத்துக் காட்டுவது இரண்டில் குடிநீருக்குக் கூட்டிக் காட்டுவதே மேல் என்பது என் கருத்து. வீணாக ஒரு முறை மறுபடி சோதித்தால் யாருக்கும் கேடில்லை.

கலங்கிய ஆற்று நீரிலும் இது சரியாக வருமா?

சிரமம்தான். சேறு ஒளியை மறைக்கும், சாயத்தின் ஒரு பகுதியை மண்துகள்கள் உறிஞ்சிக்கொள்ளும். இலைகுழை மக்கி வரும் ஹியூமிக் அமிலம் பிசிஆர் நொதியையே முடக்கிவிடும். வடிகட்டி, கழுவி, நீர்த்துப் பார்க்கலாம். செல்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக இருந்தாலும் சாயம் போதாமல், செத்தவற்றில் ஒரு பகுதி தப்பிவிடும். கழிவுநீரில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த மாதிரிகளை முதலில் நீர்த்துவிட்டுத்தான் சாயம் போடுகிறேன்.

பெருக்கும் டிஎன்ஏ துண்டின் நீளம் முக்கியமா?

மிகவும் முக்கியம். சாயம் டிஎன்ஏ முழுக்க நெருக்கமாக ஒட்டுவதில்லை, இடைவெளி விட்டுத்தான் ஒட்டுகிறது. 80, 100 எழுத்து நீளத் துண்டை எடுத்தால் அதில் ஒரு சாய மூலக்கூறுகூட இல்லாமல் போகலாம். செத்த செல்லும் பெருகிவிடும். 200, 300 எழுத்துக்கு மேல் போனால் அடைப்பு நன்றாக இருக்கும். ஆனால் ரொம்ப நீண்டால் பிசிஆரின் திறன் குறையும். சந்தையில் கிடைக்கும் சாதாரண பிசிஆர் கிட்களில் துண்டு குட்டையாக இருப்பதே வழக்கம். அதில் சாயத்தைக் கலந்துவிட்டு "உயிருள்ளதைக் கண்டுபிடிக்கிறோம்" என்று சொல்வது சரியில்லை.

டிஎன்ஏவை விட்டுவிட்டு ஆர்என்ஏவைப் பார்க்கலாமே?

யோசனை நல்லதுதான். தூது ஆர்என்ஏ, அதாவது செல் வேலை செய்யும்போது மரபணுவிலிருந்து எடுக்கும் தற்காலிக நகல், சட்டென்று அழிந்துவிடும், ஈ.கோலைக்குள் பெரும்பாலானவற்றின் அரை ஆயுள் சில நிமிடங்களே. அது இருந்தால் செல் அண்மைவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். ஆனால் அதே வேகம் நமக்கும் எதிரி. மாதிரி ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்குள் அது மாறிவிடும். ஒடுங்கிக் கிடக்கும் செல்களில் அளவும் மிகக் குறைவு. செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் இருக்கும் ஆர்என்ஏ ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் செல் செத்த பிறகும் நெடுநேரம் தங்கும். ஆராய்ச்சிக்கு நல்ல கருவி. அன்றாட வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சாயமே இல்லாமல் எளிய வழி ஏதாவது உண்டா?

உண்டு. எனக்குப் பிடித்ததும் அதுதான். மாதிரியில் கொஞ்சத்தை உடனே பிசிஆர் செய்யுங்கள். மிச்சத்தை ஊட்ட ஊடகத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். சிடி எண் இறங்கினால் டிஎன்ஏ கூடியிருக்கிறது, அதாவது ஏதோ ஒன்று பெருகியிருக்கிறது. செத்தது பெருகாது. இதற்குக் கூடுதல் கருவி எதுவும் வேண்டாம், புற ஊதா நீருக்கும் பொருந்தும். ஒடுங்கிய நிலையில் இருப்பவற்றையும் மெதுவாக வளர்பவற்றையும் தவறவிடும் என்பதுதான் குறை.

மாதிரியை எப்படி எடுத்து அனுப்ப வேண்டும்?

குளோரின் போட்ட நீர் என்றால் புட்டியில் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழி நெடுகக் குளோரின் கொன்றுகொண்டே இருக்கும். குழாயில் உயிரோடு இருந்தது எங்கள் மேசைக்கு வரும்போது செத்திருக்கும். குளிர்ச்சியாக, இருட்டில் வைத்து, முடிந்தவரை சில மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் ஒரு நாளுக்குள் சேர்த்துவிடுங்கள்.

உறைய வைக்காதீர்கள். ஒரு முறை மிகுந்த அக்கறையோடு ஒருவர் மாதிரியைக் கல்லாக உறைய வைத்து அனுப்பியிருந்தார். சாதாரண பிசிஆருக்கு என்றால் அது பரவாயில்லை. பனிப்படிகங்கள் சவ்வுகளைக் குத்திக் கிழித்திருந்தன. பிஎம்ஏ போட்டதும் ஏறக்குறைய எல்லாமே செத்தவையாகத் தெரிந்தன. அவருடைய தொட்டி நீர் நல்லதா கெட்டதா என்று அந்தப் புட்டியை வைத்துச் சொல்லவே முடியவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னோம்.

ஆய்வகம் ஒழுங்காகச் செய்ததா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டுப்பாட்டு மாதிரிகளைக் கேளுங்கள். வெப்பத்தில் கொன்ற அதே இனப் பாக்டீரியாவில் சாயம் போட்டு, சிடி எவ்வளவு தள்ளிப்போகிறது என்று காட்ட வேண்டும். பத்துச் சுற்றாவது தள்ளிப்போனால் எனக்குத் திருப்தி. உயிருள்ள செல்களில் சாயம் போட்டால் சிடி அசையக் கூடாது. இந்த இரண்டையும் உங்கள் நீரிலேயே கலந்து செய்து காட்டியிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சுத்தமான கரைசலில் வேலை செய்வது உங்கள் நீரில் செய்யாமல் போகலாம்.

வைரஸ், ஒட்டுண்ணிகளுக்கும் இது பொருந்துமா?

ஓரளவுக்கு. வைரஸில் சவ்வுக்குப் பதில் புரத உறை. உறை உடைந்திருந்தால் சாயம் உள்ளே போகும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளின் கடின ஓடுகளிலும் முயன்றிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் சாய அளவைத் தனியாகச் சோதித்து முடிவு செய்ய வேண்டும்.

செத்த பாக்டீரியாதானே, அதனால் என்ன கெடுதல்?

குடிநீரில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனால் விதிவிலக்குகள் கவனிக்க வேண்டியவை.

டயாலிசிஸ் நீரில் செத்த பாக்டீரியாவும் ஆபத்துதான். சில வகைப் பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து பிரியும் நச்சு, இரத்தத்தைத் தொட்டால் காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். அதனால் அங்கே அந்த நச்சையே தனியாக அளக்கிறார்கள்.

இன்னொன்று, செத்ததன் டிஎன்ஏ முழுக்கச் செயலற்றது அல்ல. 1928இல் பிரெடெரிக் கிரிஃபித், வெப்பத்தில் கொன்ற நிமோனியா கிருமியை, நோய் உண்டாக்காத உயிருள்ள கிருமியோடு கலந்து எலிகளுக்குச் செலுத்தினார். எலிகள் செத்தன. செத்த கிருமியிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளதற்குப் போய் அதை மாற்றிவிட்டது. அது டிஎன்ஏதான் என்று 1944இல் ஏவரியும் தோழர்களும் காட்டினார்கள். மருந்துக்கு மசியாத தன்மையைத் தரும் மரபணுக்களை நீரில் தேடும்போது செத்த செல்களின் டிஎன்ஏவைத் தள்ளிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அங்கே சாயம் போடாத எண்ணும் வேண்டும்.

மலக்கலப்பு நடந்ததா என்று மட்டும் அறிய வேண்டுமானாலும் செத்தது உதவும். 2012இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குளிக்கும் கடற்கரை நீருக்கு என்டிரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியாவுக்கான பிசிஆரையும் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டியது. அது உயிருள்ளதையும் செத்ததையும் பிரிப்பதில்லை. ஆனாலும் அந்த டிஎன்ஏ அளவுக்கும் குளித்தவர்களின் வயிற்றுக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருந்தன. அன்றைக்கே முடிவு தெரிவதும் பெரிய வசதி.

பிஎம்ஏ பிசிஆர் நெகட்டிவ் வந்தால் தைரியமாகக் குடிக்கலாமா?

அதை மட்டும் வைத்து நான் "குடிக்கலாம்" என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்படி குடிநீரின் 100 மில்லி லிட்டரில் ஒரு ஈ.கோலைகூட அகப்படக் கூடாது. 100 மில்லி நீரை வடிகட்டி, டிஎன்ஏவை 100 மைக்ரோலிட்டரில் கரைத்து, அதில் 5 மைக்ரோலிட்டரைப் பிசிஆருக்கு எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதில் ஒரு பங்குதான் இயந்திரத்துக்குள் போகிறது. மாதிரியில் இருந்த ஒரே ஒரு செல்லின் ஒரே ஒரு மரபணு அந்தப் பங்கில் மாட்டாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஈ.கோலையில் ஏழு நகல்கள் உள்ள ரைபோசோம் மரபணுவைத் தேடினால் கொஞ்சம் தேவலாம். ஒரு லிட்டரை வடிகட்டினால் இன்னும் தேவலாம். தட்டில் அந்த ஒரு செல் நன்றாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிவிடும். எனவே குடிநீருக்கு இறுதி வார்த்தை இன்னும் வளர்ப்பு முறையினுடையதுதான். பிஎம்ஏ அதற்குத் துணை.

சரி, மாதிரி கொடுக்கும்போது நான் உங்களிடம் என்ன சொல்ல வேண்டும்?

நீர் எங்கிருந்து வருகிறது, எந்தச் சுத்திகரிப்பு வழியாக வந்தது, கடைசியாகக் குளோரின் எப்போது எவ்வளவு போட்டீர்கள், புற ஊதா விளக்கு உண்டா, மாதிரி எடுத்த நேரம் என்ன, வழியில் எப்படி வைத்திருந்தீர்கள். அப்புறம் இந்த முடிவை வைத்து நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: தொட்டியைக் கழுவுவதா, விளக்கை மாற்றுவதா, குழாயை மூடுவதா. புட்டியின் மேல் இதையெல்லாம் ஒட்டி அனுப்பினால், எந்தச் சோதனை உங்களுக்குப் பொருந்தும் என்பதைப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுவேன்.